இரு பாதைகள் கூடும் கெமாஸ்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் கீழ்க்கோடியில், ஜொகூர் எல்லையைத் தொட்டவாறு அமைந்துள்ள சிற்றூர் கெமாஸ். ஊர் சிறிது, இரயில்வே வரலாற்றில் அதற்குள்ள இடமோ பெரிது. சிங்கப்பூரை நோக்கிச் செல்லும் மேற்குக் கரைப் பாதையும், கிளந்தானின் தும்பாட் வரை காடுகளை ஊடறுத்துச் செல்லும் கிழக்குக் கரைப் பாதையும் பிரிவது இங்குதான். சுற்றுவட்டார ஆலயத் திருவிழாக்களுக்கு வரும் அன்பர்கள், பூசை முடிந்ததும் பிரசாதத்துடன் வீடு திரும்பிவிடுவதே வழக்கமாக உள்ளது. மேலும் ஒரு பொழுது தங்குவோர்க்குக் காணத்தக்கவை இங்கு உண்டு. அவற்றுள் சில, அவர்தம் முன்னோர் வாழ்வோடு பிணைந்தவை.

முதலில் இரயில் நிலையம். கிழக்குக் கரைப் பாதையின் முதற்பகுதி 1910ஆம் ஆண்டு கெமாஸிலிருந்து பகாவ் வரை திறக்கப்பட்டது. முழுப்பாதையும் நிறைவு பெற 1931 ஆயிற்று. மலாயாத் தமிழர் நாவில் ‘கம்பிச் சடக்கு’ என வழங்கிய இருப்புப் பாதைகளை அமைப்பதிலும் பேணுவதிலும் தமிழகத் தொழிலாளர் பெரும்பங்கு வகித்தனர். யாழ்ப்பாணத் தமிழர் நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் பணியாற்றினர். இரயில் தொழிலாளர் குடியேறிய இடங்களுக்கு அவர்தம் தெய்வமும் உடன் சென்றது. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் வட்டாரத்து ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம் 1932இல் இரயில்வே தொழிலாளர்களாலேயே தொடங்கப்பட்டது. மின்சார இரட்டைப் பாதை 2013இல் கெமாஸை எட்டியபோது புதிய நிலையம் எழுந்தது. அதற்கு முந்திய தலைமுறையினர் நள்ளிரவில் இங்கு இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு கிழக்கு வண்டிக்காகக் காத்திருந்தனர். அவர்களுக்குப் பழைய நிலைய நடைமேடை ஒரு சத்திரம் போன்றது.

தம்பின் செல்லும் சாலையில் சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில் சுங்கை கெலாமா நினைவுச் சின்னம் உள்ளது. 1942 ஜனவரி 14 அன்று, இங்குள்ள ஆற்றுப்பாலத்தருகே பதுங்கியிருந்த ஆஸ்திரேலிய 2/30ஆம் படையணியினர், மிதிவண்டிகளில் அணியணியாக வந்த ஜப்பானியரைத் தாக்கிப் பாலத்தையும் வெடி வைத்துத் தகர்த்தனர். ஜப்பானியர் அதை விரைவிலேயே செப்பனிட்டு முன்னேறினர். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

இங்கு நிற்பவர் மற்றொன்றையும் நினைக்க வேண்டியிருக்கிறது. பாலம் கடந்து வந்த அந்த ஆட்சியில்தான், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டுச் சயாமுக்கு அனுப்பப்பட்டனர். மரண இரயில் பாதைக்காகக் கிழக்குக் கரைப் பாதையின் ஒரு பகுதித் தண்டவாளங்களும் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. ஆக, தமிழர் பாடுபட்டு அமைத்த பாதையின் இரும்பே, தமிழரின் உயிரைக் குடித்த பாதைக்கும் போயிற்று. சென்றவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. இறந்த நாளும் இல்லத்தார்க்குத் தெரியாது. திதி அறியாதோர்க்கு மஹாளய அமாவாசையில் தர்ப்பணம் செய்யலாம் என்னும் சாஸ்திர வழக்கு, இத்தகைய குடும்பங்களுக்கு எத்துணை ஆறுதல் என்பதை வெளியார் எளிதில் அறியார்.

தோட்டத்து ஆலயங்களைக் காணாமல் கெமாஸ் பயணம் முற்றுப்பெறாது. பால்மரங்கள் நின்ற நிலங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை. லயங்களில் வாழ்ந்த மக்கள் சிரம்பான், கோலாலம்பூர், ஜொகூர் பாரு எனப் பிரிந்து சென்றனர். அவர்கள் விட்டுச் சென்ற இடத்தில் மாரியம்மனும் முனீஸ்வரரும் காவல் இருக்கின்றனர். ஆண்டுத் திருவிழாவன்று மட்டும் அந்தச் செம்மண் பாதையில் கார்கள் வரிசையாக நிற்கும். பால்குடம் எடுக்கும் மூதாட்டி, தம் பழைய வீடு இருந்த இடத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் கைநீட்டிக் காட்டுவார். அங்கே நிற்பதோ செம்பனை மரம்! தோட்ட நிலம் நிர்வாகத்தின் பெயரில் இருக்க, கோயில் மட்டும் மக்களுடையதாக இருப்பது இந்நாடெங்கும் உள்ள சிக்கல். தோட்டம் கைமாறும்போதுதான் அதன் கடுமை புலப்படுகிறது. கோபுரத்திற்கு வண்ணம் பூச நன்கொடை தரும் அன்பர்கள், நிலப்பத்திரம் யார் பெயரில் உள்ளது என்றும் ஆலய நிர்வாகத்தினரிடம் ஒரு வார்த்தை கேட்பது நன்று.

இயற்கையை நாடுவோர்க்குத் தெற்கே 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் இருக்கிறது. மலையேற முன் அனுமதி வேண்டும். அடிவாரத்து சாகில் அருவியில் நீராடிவிட்டுத் திரும்புவோரே மிகுதி.

திருவிழாவுக்கு வருவோர் பலர் மாலை இரதம் புறப்படும் வேளைக்கே வந்து சேர்கின்றனர். காலை வண்டியில் வந்தால் வெயில் ஏறுமுன் பழைய நிலையத்தைக் கண்டு, பாலத்தடிக்கும் சென்று, மதிய அன்னதானத்திற்குத் தோட்டத்து ஆலயத்தை அடைந்துவிடலாம். தோட்டத்து உட்சாலைகளுக்குப் பேருந்து இல்லையாதலால், நகரிலேயே வாடகை வண்டி அமர்த்திக்கொள்வது உத்தமம்.