பழி யார் மேல்?

வறுமையைத் தாண்ட ஏழைக்கு இருக்கும் முதல் ஏணி பள்ளிக்கூடம். ஆனால் ஏழைக் குழந்தைகள் ஏன் அங்கே வருவதில்லை? ‘பெற்றோருக்கு அக்கறை கிடையாது’ என்பதே தில்லி அலுவலகங்களில் நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில்.

அந்தப் பெற்றோரிடமே 1996-ல் கேட்டார்கள் சில சுயேச்சையான ஆய்வாளர்கள். ழான் த்ரேஸ், அனுராதா தே, மீரா சாம்சன் உள்ளிட்ட குழு பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கியது. 1999-ல் வெளியான ‘ப்ரோப்’ அறிக்கை பழைய பதிலைத் தலைகீழாக்கியது. மகனுக்குப் படிப்பு அவசியம் என்றனர் 98 சதவீதப் பெற்றோர். மகளுக்கும் அவசியம் என்றனர் 89 சதவீதத்தினர். குறை பள்ளிகளில் இருந்தது. சொல்லாமல் போய்ப் பார்த்தபோது பாதிப் பள்ளிகளில் பாடமே நடக்கவில்லை.

அறிக்கை மட்டுமே சட்டமாகிவிடாது. 2001-ல் சமைத்த மதிய உணவுக்கு உச்ச நீதிமன்ற உத்தரவு, 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் என்று வந்தவற்றின் பின்னே வழக்குகளும் போராட்டங்களும் உண்டு. ஆனால் ‘ஏழைக்கே விருப்பமில்லை’ என்ற சாக்கை உடைத்தது இந்தக் கணக்கெடுப்புதான்.

2006-ல் மீண்டும் அதே மாநிலங்களுக்குப் போனார்கள். பள்ளியில் சேர்ந்த குழந்தைகள் பெருகியிருந்தனர். பாடம் நடக்காத பள்ளிகள் மட்டும் இன்னும் பாதி! பெயர்ப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் வெற்றி என்றே எழுதியிருக்கலாம்.