தரங்கம்பாடிக்கு ஏழு பேர்

பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் முப்பது வருஷம் கழித்து ஒன்றுகூடிப் பிரயாணம் போவது இப்போது நம் ஊர்களில் ஒரு வழக்கமாகிவிட்டது. யாராவது ஒருவர் மற்றவர்களின் டெலிபோன் நம்பர்களைத் தேடிப் பிடிக்கிறார். முதல் வாரம் ஒரே குதூகலம். இரண்டாவது வாரம், "எங்கேயாவது போவோம்" என்று ஒருவர் ஆரம்பிக்கிறார். மூன்றாவது வாரம் செலவைப் பற்றிப் பேச்சு வருகிறது. அத்துடன் பல பிரயாணங்கள் நின்றுபோகின்றன. எங்கள் பிரயாணமும் அந்த மூன்றாவது வாரத்தில்தான் நின்றுபோகப் பார்த்தது.

நாங்கள் ஏழு பேர். மாயூரம், மாயவரம், மயிலாடுதுறை என்று எப்படி அழைத்தாலும் கோபித்துக்கொள்ளாத அந்த ஊரில், 1994-ஆம் வருஷம் பத்தாம் வகுப்பு ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவர் பாங்கி மானேஜர், ஒருவர் டாக்டர், இருவருக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், ஒருவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரோடு இருக்கிறார், ஒருவர் உபாத்தியாயர். இதை எழுதும் பொறுப்பு அந்த உபாத்தியாயர் தலையில்தான் விழுந்தது. ஏழாமவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அந்த வருஷம் அவருடைய தகப்பனார் காலமாகிவிட்டார். கீழே இரண்டு தங்கைகள். செம்பனார்கோயில் பக்கம் ஒரு கிராமத்தில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார்.

ஒரு சென்னை நண்பர், மலைமேல் ஒரு பெரிய ஹோட்டலில் இரண்டு இரவு தங்கலாம் என்றார். தலைக்கு 12,000 ரூபாய். உடனே பட்டறை நண்பரிடமிருந்து பதில் வந்தது: "எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது, சார். நீங்கள் எல்லோரும் போய் வாருங்கள்."

வேலை இருக்கலாம். ஆனால் அந்த "சார்" எங்கிருந்து வந்தது? பத்தாம் வகுப்பில் எங்களை அவர் எப்படியெல்லாம் அழைத்தார் என்பதை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

அவருடைய பங்கை மற்றவர்கள் சேர்ந்து கட்டிவிடுவது என்று டாக்டரும் மானேஜரும் முடிவு கட்டினார்கள். நல்ல மனசுதான். நிலக்காரர் மட்டும் தடுத்தார். "அவன் பங்கை நாம் கொடுத்தால், அவன் நம்மோடு வருகிறவன் இல்லை, நாம் அழைத்துக்கொண்டு போகிறவன். அப்புறம் ஆயுசுக்கும் சார்தான்" என்றார். எங்கள் அபிப்பிராயமும் அதுதான். இம்மாதிரிப் பிரயாணங்களுக்குத் திட்டம் போடுகிறவர்கள், இருப்பதில் மெலிந்த மடியைப் பார்த்துத் திட்டம் போட வேண்டும். கனத்த மடிக்காரர்களுக்குத் தனியாக மலைக்குப் போக வருஷம் முழுவதும் இருக்கிறது.

ஆகவே தரங்கம்பாடி என்று தீர்மானமாயிற்று. ஒரே நாள், டவுன் பஸ், தலைக்கு 250 ரூபாய். பணப் பொறுப்பு பட்டறைக்காரருக்கு.

தரங்கம்பாடிக்கு ஒரு காரணம் உண்டு. 1994 பொங்கல் லீவில், வாடகைச் சைக்கிள் ஐந்தில் ஏழு பேரும் வீட்டில் சொல்லாமல் போன ஊர் அது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மாயூரத்திலிருந்து அங்கே ஒரு காலத்தில் ரெயிலே இருந்தது. 1926-இல் போட்ட அந்தப் பாதையை 1986-இல் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் சைக்கிள் மிதித்தபோது ரெயில் நின்று எட்டு வருஷம் ஆகியிருந்தது.

2024-ஆம் வருஷம் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். பஸ்ஸில் பேச்சு முதலில் உடம்பைப் பற்றித்தான். ஏழு பேரில் நான்கு பேரிடம் மாத்திரைப் பெட்டி இருந்தது. திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக இரண்டு அறுபதாம் கல்யாணத் தம்பதிகளைப் பார்த்ததும், "நமக்கு இன்னும் பதினைந்து வருஷம்" என்று ஒருவர் கணக்குப் போட்டார். "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால்" என்றார் டாக்டர்.

அங்கே இறங்கி, இரண்டு ஆட்டோ பிடித்துத் தில்லையாடிக்குப் போனோம். தென்னாப்பிரிக்காவில் காந்திஜியின் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறை சென்று, 1914 பிப்ரவரியில், விடுதலையான சில நாளிலேயே உயிர் நீத்த வள்ளியம்மையின் பூர்வீக ஊர் அது. அப்போது அவளுக்கு வயது பதினாறு. மறு வருஷமே காந்திஜி இவ்வூருக்கு வந்து போனார். 1994-இல் நாங்கள் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. கோட்டையும் கடலும்தான் குறி. இப்போது எங்களில் மூன்று பேர் வீட்டில் பதினாறு வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். நினைவு மண்டபத்தில் அந்த மூவரும்தான் அதிக நேரம் நின்றார்கள்.

தரங்கம்பாடிக் கோட்டை டென்மார்க்குக்காரர்கள் கட்டியது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-இல் வந்தவர்கள், 1845-இல் அதை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். உபாத்தியாயர் இதை விளக்கத் தொடங்கியதும் ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று பரிகாசம் செய்தார்கள். ஆதலால் அந்தப் பாடம் அத்துடன் முடிந்தது.

மாசிலாமணிநாதர் கோயில் கரையிலேயே இருக்கிறது. 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே உட்கார்ந்திருந்தபோது, 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியைப் பற்றிப் பேச்சு வந்தது. அவரவர் அன்று எங்கே இருந்தோம் என்று சொன்னோம். ஒருவர் சென்னை, ஒருவர் பம்பாய், ஒருவர் பரீட்சை. பட்டறை நண்பர் சும்மா இருந்தார். கேட்ட பிறகு சொன்னார்:

"நான் இங்கேதான் இருந்தேன், சார். அன்று சாயங்காலமே வந்துவிட்டேன். முதலில் சில நாள் வேறு வேலை. அதைச் சொல்ல வேண்டாம். அப்புறம் படகு எஞ்சின்கள். எல்லாவற்றிலும் மணலும் உப்புத் தண்ணீரும். பிரித்துக் கழுவி மாட்ட வேண்டும். இரண்டு மாசம் பட்டறையைப் பூட்டிவிட்டேன்."

"கூலி?" என்றார் மானேஜர்.

"மீன் கொடுத்தார்கள். ஆனால் அப்போது யார் மீன் சாப்பிட்டார்கள்?"

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. இருபது வருஷமாக எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. ஊரோடு இருக்கும் நிலக்காரருக்கே தெரியாது.

நடுவே ஒரு விஷயம். நாங்கள் புறப்படுமுன், எங்களில் ஒருவருடைய மனைவியார், "என்னோடு படித்தவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்? கல்யாணமானதும் ஊரும் மாறிவிட்டது, இனிஷியலும் மாறிவிட்டது" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. இதை வாசிக்கும் சகோதரிகளில் யாராவது தேடிக் கண்டுபிடித்துப் பிரயாணம் போயிருந்தால் எழுத வேண்டும்.

திரும்பும் பஸ் ஆக்கூரைத் தாண்டும்போது, இந்த இடத்தில்தான் 1994-இல் சைக்கிள் செயின் அறுந்தது என்றும், தாமே அதைச் சரிசெய்ததாகவும் மானேஜர் சென்னை நண்பர்களிடம் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முன் ஸீட்டிலிருந்து ஒரு குரல் சீறிற்று:

"பொய் சொல்லாதேடா! நீ மரத்தடியில் உட்கார்ந்து அழுதாய். செயினை மாட்டினது நான்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பட்டறைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மானேஜர் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அழவில்லையடா, கண்ணில் தூசி" என்றார்.

மாயூரம் பஸ் ஸ்டாண்டில் கணக்குப் பார்த்தோம். வசூல் 1,750 ரூபாய், செலவு 1,590. மீதி 160 ரூபாயைப் பட்டறைக்காரரிடமே கொடுத்து வைத்தோம்.