வீட்டுப் படச்சுருளும் அதன் படியும்

சுவடியைப் படியெடுத்தபின் மூலத்தை எறிந்துவிடலாகாது என்பது பதிப்புத்துறையிற் பயின்றார் யாவரும் அறிந்ததே. அவ்விதி, குடும்பத்தார் தம் வாழ்வைப் பதிந்துவைத்த பழைய படச்சுருளுக்கும் உரியது என்பதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1923-இல் 16 மி.மீ. சுருளையும், 1932-இல் 8 மி.மீ. சுருளையும், 1965-இல் சூப்பர் 8 சுருளையும் வெளியிட்டது. திரையரங்கப் படத்திற்கு எதிர்ப்படிமச் சுருள் ஒன்றும், அதனின்று எடுத்த படிகள் பலவும் உண்டு. வீட்டுப் படத்திற்கோ அவ்வாறில்லை. கருவியினுள் ஒளிபட்ட சுருளே பெரும்பாலும் நேர்ப்படிமமாக மாற்றப்பெற்றுத் திரையிடப்பட்டது. எனவே அஃது ஒற்றைச் சுவடியாம். கெடின் ஒப்பிட வேறு படி இல்லை.

இதன் அருமையை ஒரு சான்று விளக்கும். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க அரசு ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினரை முகாம்களில் அடைத்தது. யூட்டா மாநிலத்து டோபாஸ் முகாமில் இருந்த டேவ் டட்சுனோ, தடைசெய்யப்பட்ட 8 மி.மீ. கருவியால் அங்குள்ளாரின் அன்றாட வாழ்வைப் படம்பிடித்தார். அடைத்தார் கண்கொண்டன்றி, அடைபட்டார் கண்கொண்டு கண்ட வரலாறு அது. 1996-இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அஃது இடம்பெற்றது.

இத்தகு சுருள்களின் அடித்தளம் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆயது. ஈரமும் வெப்பமும் தாக்க, அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும்; அவ்வமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். காடி நெடி வீசுதல் இதன் அறிகுறி. பின்னர்ச் சுருள் சுருங்கி, வளைந்து, முறியும். சுருங்கிய சுருளைப் பழைய புரொஜெக்டரில் ஓட்டின், பற்சக்கரம் ஓரத்துளைகளைக் கிழிக்கும். ஆகலின், பற்களின்றி உருளைகளால் நகர்த்தி, ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே பதியும் ஸ்கேனரே தக்கது.

ஏடெழுதுவோர் பிழைகள் இங்கும் நேரும். 8 மி.மீ. சுருள் நொடிக்கு 16 படம், சூப்பர் 8 நொடிக்கு 18 படம் என ஓடுதல் பொதுவழக்கு. அவற்றை 24 என ஓட்டின், நடப்போர் ஓடுவோராவர். மங்கிய நிறத்தை ஊகத்தால் திருத்துதல், படியெடுப்போன் தன் கருத்தாற் பாடத்தை மாற்றுதலை ஒக்கும். திருத்தம் வேண்டின் வேறொரு படியிற் செய்க. முதற்படி உள்ளதை உள்ளவாறே காட்டுக. பெட்டிமேல் எழுதிய குறிப்புகளையும் உடன் பதிதல் வேண்டும். சுருளின் ஓரத்தில் கோடாக் பொறித்த ஆண்டுக்குறி காலம் கணிக்க உதவும். ஆயினும், அக்குறிகள் 20 ஆண்டுக்கொருமுறை மீள வருதலின் பிற சான்றும் வேண்டப்படும்.

டிஜிட்டல் கோப்பும் அழிவற்றதன்று. வன்தட்டு பழுதாகும், கோப்பின் வடிவம் வழக்கொழியும். ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதிய நம் முன்னோர் வழக்கமே இங்கும் வேண்டுவது. வெவ்வேறிடங்களிற் படிகளை வைத்து, காலந்தோறும் புதிய கலத்திற்கு மாற்றி வருதல் கடனாகும்.

ஆகவே டிஜிட்டற் படி மூலத்திற்குத் துணையேயன்றி மாற்றன்று. குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் மூலச்சுருளையும் காத்தல் வேண்டும். நாளை நுண்ணிய கருவி தோன்றின், அதன்முன் வைக்க மூலம் இருத்தல் இன்றியமையாதது என்பதே யாம் வற்புறுத்தும் கருத்தாம்.