ஒரே கூட்டில் இரு முயல்கள்



அபூ உமைர் (ரலி) என்ற சிறுவர் ஒரு சிட்டுக்குருவியை வளர்த்து வந்தார். அது இறந்தபோது வாடியிருந்த அந்தச் சிறுவரிடம் நபி (ஸல்) அவர்கள் குருவியைப் பற்றிப் பரிவோடு விசாரித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். இல்லத்தில் சிற்றுயிரை வளர்ப்பது கூடும் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இதனைச் சான்றாகக் காட்டுவர். பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நேர்ந்த கதியும் நாம் அறிந்ததே. வளர்க்க அனுமதி உண்டு. வளர்ப்பவர் மீது பொறுப்பும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில்தான் இன்று நம் பிள்ளைகள் ஆசையோடு வாங்கி வரும் முயல்கள் நிற்கின்றன.

தேவாரம், போடி, உத்தமபாளையம் வட்டாரத்தில் ஆகட்டும், வேறு எந்த ஊரிலாகட்டும், முயல் பெரும்பாலும் 'ஜோடி' என்ற பெயரில்தான் விற்கப்படுகிறது. வாங்கும்போது அவை பிறந்து நான்கைந்து வாரமே ஆன குட்டிகள். ஒன்றன் மீது ஒன்று சாய்ந்து உறங்கும். ஒரே கிண்ணத்தில் தின்னும். மூன்று மாதம் வீட்டில் மகிழ்ச்சி. நான்காவது மாதத்தில் ஒரு நாள் காலை கூண்டைத் திறந்தால் எங்கும் ரோமம் சிதறிக் கிடக்கிறது. ஒன்றின் காது கிழிந்திருக்கிறது. பிள்ளைகள் அழுகிறார்கள். முயல்களுக்குத் திடீரென்று பகை வந்துவிட்டதா? இல்லை. அவை பருவம் எய்திவிட்டன.

இதனைப் புரிந்துகொள்ள முயலின் இயல்பை அறிய வேண்டும். நம் மேற்கு மலைச் சரிவில் மாலை மங்கும் நேரத்தில் புதர் ஓரம் தென்படும் காட்டு முயல் வேறு. வீட்டில் வளரும் முயல் வேறு. கழுத்தின் பின்புறம் கறுத்திருக்கும் நம் காட்டு முயல் வளை தோண்டாது, தனித்தே வாழும். அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயலோ ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட வளைமுயலின் வழித்தோன்றல். அதன் குட்டி ரோமமின்றி, கண் திறவாமல் பிறக்கும். கண் திறக்கப் பத்து நாள் ஆகும். காட்டு முயலுக்கு 48 குரோமோசோம்கள், வீட்டு முயலுக்கு 44. இவை இரண்டும் கலந்து இனம் பெருக்குவதில்லை. ஆகவே, மலையில் அகப்பட்ட குட்டியைக் கொண்டுவந்து வீட்டு முயலுக்குத் துணையாக விடலாம் என்று எவரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். காட்டு முயலைப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

வளைமுயல் கூட்டமாக வாழும் உயிர். தனிமை அதற்கு உகந்ததன்று. ஆனால் அக்கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படிநிலை உண்டு. ஆண்களுக்குள் யார் மூத்தவர், பெண்களுக்குள் யார் மூத்தவர் என்பது முடிவாகும் வரை சண்டை நடக்கும். காட்டில் தோற்றது ஓடிவிடலாம். மூன்றடிக் கூண்டில் எங்கே ஓடும்? வீட்டுச் சண்டை குருதியில் முடிவதற்கு இதுவே காரணம். தோற்ற முயலின் பிடிவாதமும் அன்று, வென்றதன் கொடுமையும் அன்று; வெளியேற வழி இல்லாமையே.

எவ்வெவற்றைச் சேர்த்து வைக்கலாம்? பருவமடைந்த இரு ஆண்கள் ஒரு கூண்டில் இருப்பது மிகவும் ஆபத்தானது. விதைப்பையைக் கடித்துக் கிழிக்கும் அளவுக்குப் போகும். இரு பெண்கள் சில காலம் ஒத்துப் போகலாம். ஆயினும் தன் இடத்தைக் காப்பதில் பெண் முயல் ஆணைவிடக் கடுமையானது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான் இயல்பாகச் சேரும் இணை. ஆனால் அங்கே வேறு சிக்கல் உண்டு. முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள்தாம். ஈன்ற அன்றே மீண்டும் சினையாகும் தன்மை பெண் முயலுக்கு உண்டு. உடன்பிறந்தவை என்பதால் இணையாமல் இருக்கப் போவதில்லை. ஓர் ஈற்றுக்கு ஆறேழு குட்டிகள் என்று வைத்துக்கொண்டாலும், ஓராண்டில் அந்த வீட்டின் நிலை என்னவாகும் என்பதைக் குடும்பத் தலைவர்கள் கணக்கிட்டுக் கொள்ளட்டும்! அத்துடன் அந்தத் தாய் முயலின் உடலும் உருக்குலைந்துவிடும்.

முயலை ஆயிரக்கணக்கில் வளர்த்துப் பழகியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்ப்போம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் அங்கே வளர்க்கப்படுகின்றன. இத்தகைய பண்ணைகளின் பொது வழக்கம், வளர்ந்த முயல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு என்பதே. இனச்சேர்க்கைக்குக்கூடப் பெண் முயலைத்தான் ஆணின் கூண்டுக்கு எடுத்துச் செல்வர்; ஆணைப் பெண்ணின் கூண்டுக்குள் விடமாட்டார்கள். விட்டால் தன் இடத்தில் புகுந்த அந்நியன் என்று பெண் அதனைத் தாக்கும். இந்த ஒரு விதியில் நமக்கு வேண்டிய பாடம் அடங்கியிருக்கிறது: முயலுக்குச் சண்டை எதிரியைப் பற்றியது அன்று, இடத்தைப் பற்றியது.

பருவச் சண்டையையும் பெருக்கத்தையும் ஒருசேரத் தடுப்பது கருத்தடை அறுவை சிகிச்சை. இங்கே மார்க்கத்தின் நிலை என்ன என்று சிலர் தயங்குவர். ஹனஃபி மத்ஹபில் பயன் கருதிப் பிராணிகளுக்குக் காயடிப்பது கூடும். ஷாஃபிஈ மத்ஹபில், உண்ண ஆகுமான பிராணி சிறியதாக இருக்கும்போது மட்டும் கூடும் என்பர். முயல் உண்ண ஆகுமானது என்பதில் இரு மத்ஹபினரும் ஒன்றுபடுகின்றனர். காயடிக்கப்பட்ட ஆட்டுக் கடாக்களை நபி (ஸல்) அவர்கள் குர்பானி கொடுத்ததாக வரும் அறிவிப்பும் இங்கே எடுத்துக் காட்டப்படுகிறது. மேலும் தெளிவு வேண்டுவோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மருத்துவ நிலையில் ஆண் முயலுக்கு இது சிறிய சிகிச்சை. பெண்ணுக்குச் சற்றுப் பெரியது. ஆனால் நான்கு வயதைக் கடந்த பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் மிகுதியாக வருவதால், அதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரே செய்ய வேண்டும். தேனி மாவட்டத்திலேயே 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குவதால், அங்கே விசாரித்தறிவது நல்லது. முயல் வாந்தி எடுக்க இயலாத பிராணி. ஆகையால் நாய் பூனைகளைப் போல் சிகிச்சைக்கு முந்திய இரவு பட்டினி போடலாகாது. சிகிச்சை முடிந்தும் ஆண் முயல் நான்கு முதல் ஆறு வாரம் வரை சினைப்படுத்தும் ஆற்றலோடு இருக்கும்; அதுவரை பெண்ணோடு விடக்கூடாது.

இனிச் சேர்த்து வைக்கும் முறைக்கு வருவோம். பொறுமையற்றவர்கள் இதில் இறங்க வேண்டாம். முதலில் இரண்டையும் இரு கூண்டுகளில் பிரித்து, நான்கு விரற்கடை இடைவெளியில் அருகருகே வையுங்கள். கம்பி வழியே மூக்கைக் கடிக்கும் என்பதால் இந்த இடைவெளி தேவை. தீனிக் கிண்ணங்களை அந்தப் பக்கமாகவே வைத்தால், எதிரில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே தின்னப் பழகும். இரண்டொரு நாளைக்கு ஒருமுறை அதன் சாக்கை இதற்கும் இதன் சாக்கை அதற்கும் மாற்றிப் போடுங்கள். முயல் கண்ணால் அறிவதைவிட மணத்தால் அறிவது அதிகம். தாடையின் கீழுள்ள சுரப்பியைப் பொருள்களில் தேய்த்துத் தன் உரிமையை எழுதிவைப்பது அதன் வழக்கம். சில வாரங்களில், கம்பியின் இருபுறமும் இரண்டும் உடல் நீட்டிப் படுக்கத் தொடங்கும். அதற்கு முன் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அடுத்து, இரண்டும் இதுவரை கால் வைத்திராத ஓர் இடம் வேண்டும். குளியலறை, திண்ணை, மாடிப் படிக்கட்டின் கீழுள்ள மூலை என எதுவாயினும் சரி. வழுக்காமல் கோணி விரியுங்கள். புல்லைப் பரவலாகத் தூவுங்கள். இரு வழியுள்ள அட்டைப் பெட்டி ஒன்று இருக்கட்டும். ஒரே வழியுள்ள பெட்டியானால் உள்ளே போனது பொறியில் அகப்பட்டதாகிவிடும். பத்து நிமிடம் போதும். பிறகு பிரித்துவிட்டு, மறுநாள் மீண்டும் விடுங்கள். நாளாக நாளாக நேரத்தைக் கூட்டுங்கள். முயல் அந்தியிலும் வைகறையிலும் சுறுசுறுப்பாக இருக்கும் பிராணி. அதிகாலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய் மாலையில் திரும்பும் பெற்றோருக்கும் அந்திப் பொழுதே வசதி. ஆளில்லாத வீட்டில் இரண்டையும் சேர்த்து விட்டுப் போவது மட்டும் கூடவே கூடாது.

சிறு துரத்தல், ரோமத்தை லேசாகப் பிடுங்குதல், ஒன்றன் மீது ஒன்று ஏறுதல் ஆகியவை படிநிலை முடிவாவதன் அறிகுறிகள், ஓரளவு பொறுக்கலாம். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே விலக்குங்கள். காதுகளைப் பின்னுக்கு மடித்து, வாலை உயர்த்தி, ஒன்றையொன்று வட்டமிடத் தொடங்கினால் அடுத்த நொடியில் பாய்ச்சல்தான். பின்னங்கால் நகம் வயிற்றைக் கிழிக்க வல்லது. வெறுங்கையை நடுவில் விடாதீர்கள். தடித்த துண்டைப் போர்த்திப் பிரியுங்கள், அல்லது விளக்குமாற்றை இடையில் நீட்டுங்கள். கடுமையான சண்டை நிகழ்ந்தால் சில வாரம் இடைவெளி விட்டு, முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்று தலையைத் தாழ்த்த, மற்றது அதன் நெற்றியை நக்கிவிடுமானால் பாதி வேலை முடிந்தது. இரண்டு நாள் இடைவிடாமல் சண்டையின்றி இருந்த பின்னரே, நன்கு கழுவி இடம் மாற்றி வைத்த கூண்டில் சேர்த்து விடுங்கள். கூண்டு ஆறடி நீளமாவது இருக்கட்டும். கம்பித் தரையில் பாதம் புண்ணாகும் என்பதால் பலகை போடுங்கள். தீனிக் கிண்ணமும் தண்ணீர்ச் சட்டியும் எப்போதும் இரண்டிரண்டு.

சமாதானமாக இருந்தவை ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கொண்டுபோய்த் திரும்பியதும் சண்டையிடுவது உண்டு. மருந்து மணத்தால் அது அந்நியமாகிவிடுகிறது. ஆகவே போனால் இரண்டையும் சேர்த்தே கொண்டு போங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு சொல். மலைமேல் குளிராக இருக்கும் அதே நாளில் அடிவாரத்தில் புழுக்கமாக இருக்கும். முயலுக்கு வியர்வை இல்லை. காது வழியேதான் வெப்பம் வெளியேற வேண்டும். 30 டிகிரிக்கு மேல் போனால் தவிக்கும். சித்திரை, வைகாசியில் இந்தப் பழக்கும் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. தீனியில் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டும். அருகு, கொழுக்கட்டைப் புல், வேலிமசால், சிறிது அகத்தி, முருங்கை. பிஸ்கட்டும் சோறும் வேண்டாம். ஏலத்தோட்டத்திலிருந்தும் காய்கறி வயலிலிருந்தும் அறுத்து வரும் இலைகளில் பூச்சிமருந்து படிந்திருக்கும். அதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். சண்டைக்குப் பின் ஒரு முயல் அரை நாளுக்கு மேல் தின்னாமல், புழுக்கை போடாமல் மூலையில் குறுகியிருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

எவ்வளவு முயன்றும் சில இணைகள் சேர்வதில்லை. அப்போது அவற்றைத் தனித்தனிக் கூண்டில், ஒன்றை ஒன்று பார்க்கும்படி அருகருகே வைத்து வளர்ப்பது தோல்வி அன்று. துணையும் கிடைக்கிறது, காயமும் இல்லை. அறுவை சிகிச்சைக்கு வசதியற்ற குடும்பங்களுக்கும் இதுவே நான் சொல்லும் வழி. சிலர் 'விடுதலை செய்கிறோம்' என்று மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டு வருகிறார்கள். கூண்டிலே பிறந்த வெள்ளை முயலுக்கு நாயையும் கீரியையும் தெரியாது. ஒளிய இடமும் தெரியாது. இரண்டு இரவுகூடத் தாங்குவது அரிது. வளர்க்க முடியாதவர்கள் அறிந்த வீட்டாரிடம் ஒப்படைக்கலாம்.

நன்கு பேணினால் முயல் எட்டுப் பத்து ஆண்டு வாழும். இணையில் ஒன்று முந்தி இறந்தால், மற்றது தின்னாமல் சோர்ந்து கிடக்கும். இறந்ததை உடனே அப்புறப்படுத்தாமல் ஒரு மணி நேரம் அதன் அருகே விட்டுவைத்தால், தேடி அலைவது குறைகிறது என்பது வளர்ப்போர் அனுபவம். தொற்றுநோயால் இறந்திருந்தால் இது வேண்டாம். பின்னர் அதற்குப் பிடித்த இலையைக் கையிலிருந்தே ஊட்டுங்கள். புதிய துணை தேடுவதானால், மீண்டும் அந்த நான்கு விரற்கடை இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.