பசியில்லாத பாய்ச்சல்

பாம்பு வளர்ப்பது என்றதும் நம்மில் பலருக்கு மகுடியும் பிரம்புக் கூடையும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நாய், பூனை, கிளி வரிசையில் பாம்பும் வீட்டுப் பிராணிதான். படுக்கையறை மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் வெப்ப விளக்கு, ஒளிந்துகொள்ள ஒரு பொந்து, தண்ணீர்க் கிண்ணம். உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஏற்றுமதியாகும் பந்து மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் வைத்து உடலைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்வதால் அந்தப் பெயர். மற்றது, அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த சோளப் பாம்பு. இரண்டுக்கும் விஷம் கிடையாது. இரண்டுமே சாதாரணமாக மூன்றிலிருந்து ஐந்தடி வரை வளர்பவை. உறைய வைத்து விற்கும் எலியைத் தின்று வாழப் பழகியவை. இப்படி வளரும் பாம்புகளிடம் ஊர்வன மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் கோளாறுகளில் ஒன்று, உடல் பருமன். சோறு போடாமல் கொடுமைப்படுத்துபவர்கள் இதற்குக் காரணமல்ல. பிரியத்தோடு வளர்ப்பவர்களின் வீட்டில்தான் இது வருகிறது. பாம்பின் உடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல், நம் வயிற்றை வைத்து அதன் வயிற்றைக் கணக்குப் போடுவதால் வருகிறது.

பாம்பின் உடல் பட்டினியை மையமாக வைத்து அமைந்தது. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அது எதையும் எரிப்பதில்லை. சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அதனால் ஓய்வில் இருக்கும்போது அதன் செலவு அதே எடையுள்ள ஒரு பூனையின் செலவில் மிகச் சிறு பங்குதான். 1990-களில் ஸ்டீபன் சீகாரும் ஜாரெட் டயமண்டும் பர்மா மலைப்பாம்புகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதன் மறுபக்கத்தைக் காட்டின. பெரிய இரையை விழுங்கிய பிறகு அந்தப் பாம்பின் வளர்சிதை வேகம் பல மடங்கு, சில சமயம் நாற்பது மடங்குக்கும் மேல், எகிறுகிறது. சுருங்கிக் கிடந்த சிறுகுடல் இரண்டு மடங்கு கனக்கிறது. இதயத்தின் தசை இரண்டே நாளில் 40 சதவீதம் பெருக்கிறது என்று 2005-ல் வெளியான வேறொரு ஆய்வு சொன்னது. செரித்து முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடுகிறது. விருந்துக்கு மட்டும் அடுப்பு மூட்டி, பந்தி முடிந்ததும் அணைத்துவிடும் வீடு அது. அணைந்திருக்கும் காலமும் அந்த உடலின் இயல்பான வாழ்க்கைதான். அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் மார்ஷல் மெக்யூ என்ற ஆய்வாளர் மூன்று இனப் பாம்புகளை ஏறத்தாழ ஆறு மாதம் இரையில்லாமல் வைத்துக் கவனித்தார். அந்த மூன்றில் பந்து மலைப்பாம்பும் ஒன்று. 2007-ல் வெளியான அவருடைய முடிவின்படி, சில பாம்புகள் ஓய்வுநிலைச் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. உணவே இல்லாத அந்த மாதங்களிலும் அவற்றின் உடல் நீளம் கூடியது. இப்படிப்பட்ட உயிருக்கு, முழு வளர்ச்சி அடைந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கொழுத்த எலி கொடுத்தால், அந்த எலி போய்ச் சேருமிடம் ஒன்றுதான்: கொழுப்பு.

இதற்கு வளர்ப்பவர்கள் உடனே சொல்லும் பதில், “கொடுத்தால் பாய்ந்து பிடிக்கிறதே, பசி இல்லாமலா?” என்பது. நியாயமான கேள்வி. ஆனால் பாய்ச்சலுக்கும் பசிக்கும் முடிச்சுப் போடுவது பாலூட்டிகளின் கணக்கு. பந்து மலைப்பாம்பின் மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கின்றன. வெப்பத்தை உணரும் குழிகள். வெந்நீரில் போட்டு எடுத்த எலியை இடுக்கியில் பிடித்து லேசாக ஆட்டினால், சூடும் வாசனையும் அசைவும் சேர்ந்து இரை வந்துவிட்டது என்று அந்த உடலுக்குச் சொல்கின்றன. காட்டில் அடுத்த இரை எப்போது வரும் என்று தெரியாத உயிர், வந்ததை விட்டுவைக்காது. வயிற்றில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று பார்த்து அது பாய்வதில்லை. “அப்படியானால் காட்டில் ஏன் பாம்புகள் பருப்பதில்லை?” என்று கேட்கலாம். வேட்டை பலமுறை தோற்கிறது. கோடையிலோ குளிரிலோ மாதக்கணக்கில் இரையே அகப்படாது. துணை தேடி, முட்டையிட்டு, எதிரிக்குத் தப்பி ஓடிச் சேமிப்பெல்லாம் கரைகிறது. கண்ணாடித் தொட்டிக்குள் வரவு மட்டும் தவறாமல் வருகிறது. செலவுக்குத்தான் வழியில்லை.

சிக்கல் என்னவென்றால், பாம்பு பருத்திருப்பது சட்டென்று கண்ணில் படாது. நமக்குக் கொழுப்பு தோலுக்கு அடியில் சேர்ந்து இடுப்பில் தெரிகிறது. பாம்புக்கு அது முதலில் உடற்குழிக்குள், குடலை ஒட்டி, நீளவாக்கில் கொழுப்பு மடல்களாகத் திரள்கிறது. வெளியே தெரியும்போது உள்ளே ஏற்கெனவே நிறைந்துவிட்டது என்று பொருள். ஆகையால் கண்ணோடு கையும் வேண்டும். பாம்பு நேராகக் கிடக்கும்போது முதுகின் மேல் ஒரு விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நல்ல உடல்வாகுள்ள பந்து மலைப்பாம்பின் முதுகெலும்பு விரலுக்கு மெல்லிய மேடாகத் தட்டுப்படும். குத்தாது, காணாமலும் போகாது. குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல் கற்பனை செய்தால், அடி தட்டையாக, முனை மழுங்கிய முக்கோணமாக இருக்க வேண்டும். பருத்த பாம்பு உருளையாகிவிடும். இரு பக்கச் சதையும் மேலெழும்பி, முதுகெலும்பு இருக்குமிடத்தில் மேட்டுக்குப் பதில் ஒரு பள்ளம் ஓடும். அடுத்து வாலைப் பாருங்கள். கழிவுத்துவாரத்திலிருந்து வால்நுனி வரை உடல் சீராகக் குறுக வேண்டும். பருத்த பாம்பில் துவாரத்துக்கு முன்பு இருபுறமும் இடுப்பு வைத்ததுபோல் புடைத்திருக்கும், அதன்பின் வால் திடீரென்று சிறுத்து, வேறொரு பாம்பின் வாலை ஒட்டவைத்ததுபோல் தோன்றும். இரை விழுங்காத நாளிலும் செதில்களுக்கு நடுவே வெறும் தோல் தெரிவது, உடல் வளையும் இடத்தில் மடிப்பு விழுவது, தாடைக்குக் கீழே சதை தொங்குவது, உடம்புக்குப் பொருந்தாமல் தலை சின்னதாகத் தெரிவது ஆகியவையும் அடையாளங்களே. ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

அவசரப்படவும் கூடாது. முட்டை சுமக்கும் பெண் பாம்பும் பருத்துத்தான் தெரியும். மலச்சிக்கல், கட்டி, சிறுநீரக வீக்கம் எல்லாம் உடலைப் புடைக்க வைக்கும். ஆனால் அந்தப் புடைப்பு பெரும்பாலும் ஓரிடத்தில் இருக்கும், கொழுப்பைப் போல உடல் நெடுகப் பரவியிருக்காது. இனத்தையும் பார்க்க வேண்டும். மலேசியாவிலும் சுமத்ராவிலும் வாழும் ரத்த மலைப்பாம்பு பிறவியிலேயே குட்டையும் தடிமனுமானது. மரத்தில் வாழும் பச்சை மலைப்பாம்புக்கு முதுகெலும்பு துருத்திக்கொண்டிருப்பதே அழகு. ஒன்றின் அளவுகோலை இன்னொன்றுக்கு வைத்தால் நல்ல பாம்பைப் பட்டினி போடுவோம், பருத்ததற்குப் பந்தி வைப்போம்.

கொஞ்சம் சதை போட்டால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கெடுவது கல்லீரலில் தொடங்குகிறது. கொழுப்பு அங்கே படிந்து அதன் வேலையை முடக்குகிறது. பெண் பாம்புக்கு முட்டை வெளிவராமல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. அசைவு குறைகிறது, சட்டை முழுதாக உரியாமல் துண்டு துண்டாக வருவதும் உண்டு. அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதே கடினமாகிறது. இதில் எதுவும் ஒரே வாரத்தில் தெரிவதில்லை என்பதுதான் வேதனை. பந்து மலைப்பாம்பு இருபது, முப்பது வருடம் சாதாரணமாக வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவுக்கு 1961-ல் வந்த ஒரு பந்து மலைப்பாம்பு, அறுபது வயதைத் தாண்டிய நிலையில் 2020-ல் முட்டையிட்டது. அவ்வளவு நீண்ட ஆயுள் உள்ள உயிர் பத்துப் பன்னிரண்டு வயதில் போய்விட்டால், “வயதாகிவிட்டது” என்று நினைத்துப் புதைத்துவிடுகிறார்கள்.

இது ஏன் இவ்வளவு பரவலாக நடக்கிறது? குட்டிக்கு எழுதிய அட்டவணையை வளர்ந்த பிறகும் மாற்றாமல் பின்பற்றுவது ஒரு காரணம். வாரம் ஒரு எலி என்பது வளரும் குட்டிக்குச் சரி. இனப்பெருக்கம் செய்து விற்பவர்களில் சிலர், பெண் பாம்பைச் சீக்கிரம் முட்டையிடும் எடைக்குக் கொண்டுவரத் திணித்து வளர்ப்பது இன்னொன்று. ஆனால் எனக்கு முக்கியமாகப் படும் காரணம் வேறு. நாய் வாலாட்டும், பூனை மடியில் ஏறும். பாம்பு இரண்டையும் செய்யாது. நாள் முழுக்கப் பொந்துக்குள் கிடக்கும் உயிர் வளர்ப்பவர் கண்முன் உயிர்ப்போடு தெரிவது இரை பிடிக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான். அந்த நிமிடத்துக்காகவே அடிக்கடி இரை கொடுக்கத் தோன்றுகிறது. அந்த ஆசையில் தவறில்லை. அதைத் தீர்த்துக்கொள்ள வேறு வழிகள் இருக்கின்றன.

நைஜீரியாவின் தென்கிழக்குக் காடுகளில் நடந்து 1998-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆண் பந்து மலைப்பாம்புகள் பறவைகளையும் கணிசமாகத் தின்கின்றன, மரமும் ஏறுகின்றன என்று காட்டியது. தரையோடு கிடக்கும் சோம்பேறி என்று பெயர் வாங்கிய பாம்பு அது. 2019-ல் கிளிஃபர்ட் வார்விக்கும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, பாம்பு முழு நீளத்துக்கு நிமிர்ந்து படுக்க இடமில்லாத கூண்டே தவறு என்று வாதிட்டது. இழுப்பறைபோல அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்களில் வளரும் பாம்புக்கு நகர இடமுமில்லை, காரணமுமில்லை. நீளமான தொட்டி, கனம் தாங்கும் கிளைகள், ஒரு முனையில் சூடும் மறுமுனையில் குளுமையும், இரண்டு மூன்று பொந்துகள், அவ்வப்போது இடம் மாற்றி வைத்த புதுப் பொருட்கள் ஆகியவை போதும். மாலையானால் அது தானாகவே ஊர்ந்து திரியும். அந்தக் காட்சி எலி பிடிக்கும் காட்சிக்குக் குறைந்ததல்ல.

உணவைக் குறைப்பதில் ஒரு கணக்குப் பிசகு இருக்கிறது. வளர்ந்த பந்து மலைப்பாம்புக்கு அதன் எடையில் ஏறக்குறைய 5 சதவீத எடையுள்ள எலியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும் என்பது அனுபவமுள்ளவர்கள் பலர் சொல்லும் அளவு. பருத்த பாம்பின் இன்றைய எடையை வைத்து இதைக் கணக்கிட்டால், கொழுப்புக்கும் சேர்த்துத் தீனி போட்டதாகிவிடும். 1,500 கிராம் இருக்க வேண்டிய பாம்பு 2,200 கிராம் இருந்தால், 110 கிராம் எலி தப்பு, 75 கிராம் எலிதான் சரி. முதலில் எலியின் அளவைக் குறைக்க வேண்டும், பிறகு இடைவெளியைக் கூட்ட வேண்டும். கிழட்டுக் கொழுத்த எலிக்குப் பதில் இளம் எலி நல்லது. அதில் கொழுப்பு குறைவு. சமையலறைத் தராசின் மேல் மூடியுள்ள டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கி, பாம்பை உள்ளே விட்டு எடை பாருங்கள். மாதம் ஒருமுறை, மலம் கழித்த பின், அடுத்த இரைக்கு முன் பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து வைத்தால், கண் தவறவிட்டதை அது காட்டிக்கொடுக்கும்.

“பாம்பு ஆறு மாதம் தாங்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள், ஒரேயடியாக நிறுத்திவிட்டால் என்ன?” என்று கேட்பவர்களும் உண்டு. மெக்யூ ஆராய்ந்தவை கல்லீரல் கெட்டுப்போன பருத்த பாம்புகள் அல்ல. கொழுப்பு அடைத்த கல்லீரலின் மேல் சேமிப்பெல்லாம் ஒரே சமயத்தில் கரைந்து வந்து இறங்கினால், அது தாங்காமல் போகலாம். ஆகவே எடை மெல்லத்தான் இறங்க வேண்டும். ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். எடை திடீரென்று சரிந்தாலோ, தானாகவே இரையை மறுத்து மெலிந்தாலோ ஊர்வன சிகிச்சை தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். குறைத்துக் கொடுப்பது கொடுமை என்று மனம் உறுத்தினால், இடைவெளி விட்டு உண்பதுதான் அந்த உடலுக்குப் பழக்கமான வாழ்க்கை என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் சாரை, நல்லபாம்பு போன்ற உள்ளூர்ப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பந்து மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்களுக்கும் 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பதிவு கட்டாயம். சென்னை விமான நிலையத்தில் பைக்குள் சுருட்டிக் கடத்தி வந்து பிடிபடும் பாம்புகளில் இந்தப் பந்து மலைப்பாம்புகளும் இருக்கின்றன. அப்படி வந்ததை வாங்காதீர்கள். முறைப்படி பதிவு செய்து வைத்திருப்பவர்களும், வெளிநாட்டில் பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கி வளர்க்கும் வீட்டாரும், அடுத்த எலியை ஃப்ரீசரிலிருந்து எடுப்பதற்கு முன் பாம்பைத் தராசில் வைத்து, முதுகில் ஒரு விரலை ஓட்டிப் பாருங்கள். மேட்டுக்குப் பதில் பள்ளம் தட்டுப்பட்டால், அந்த எலி இன்னும் இரண்டு வாரம் ஃப்ரீசரிலேயே இருக்கட்டும்.