தீப்பொறியும் மின்கம்பியும்

1913-ம் வருஷம் அக்டோபர் மாதம் 14-ந் தேதி காலை, வேல்ஸ் நாட்டு ஸெங்கனித் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 439 தொழிலாளர் மாண்டனர். மீட்கச் சென்றோரில் ஒருவரும் உயிரிழந்தார். காரணம் ஐயமற நிலைநாட்டப்படவில்லை. எனினும் ஆராய்ந்தோரின் சந்தேகம் மணியடிக்கும் கம்பியின்மேலும் விழுந்தது. சுரங்கப் பாதையில் உறையற்ற இரு கம்பிகள் ஓடும். ஓர் இரும்புத் துண்டால் அவற்றை இணைத்தால், தொலைவிலுள்ள இயந்திரக்காரனுக்கு மணி ஒலிக்கும். பாட்டரியினின்று வரும் அம்மின்சாரத்தைக் கையால் தொடினும் தீங்கில்லை. அங்ஙனமாயின் அபாயம் யாண்டுளது?

மணியிலுள்ள காந்தச் சுருள் சக்தியைச் சேமித்து வைக்கின்றது. இணைப்பு விடுபடுங் கணத்தில் அச்சக்தி பொறியாய்ப் பாய்கிறது. காற்றோடு கலந்த மீதேன் வாயு தீப்பற்றுதற்கு ஒரு ஜூலின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த சக்தியே போதும்; ஹைட்ரஜனுக்கோ அதனினும் மிகக் குறைவு. வீலர், தார்ன்டன் என்னும் அறிஞர் இப்பொறிகளை அளந்து ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியினின்று பிறந்ததே, பொறி எழுந்தாலும் வாயுவைப் பற்றவைக்க இயலாதபடி சக்தியைக் குறுக்கி அமைக்கும் முறை. அதனை இயல்பாகவே தீங்கற்ற சுற்று எனலாம்.

இத்தகைய சுற்றுக்குக் கம்பி இழுப்பது எங்ஙனம்? கனத்த இரும்புக் குழாய் கட்டாயமன்று. கம்பி அறுந்தாலும் தீங்கில்லையாதலால் சாதாரண முறைகளே போதும். பலரும் இவ்வளவில் நின்றுவிடுகின்றனர். பிழை நேர்வதும் இங்கேதான். வலிய மின்சாரம் செல்லும் கம்பியொன்று அருகிற் கிடந்து, இரண்டின் உறையும் தேய்ந்து ஒன்றையொன்று தொடுமாயின், எல்லாக் காப்பும் ஒரு நொடியில் அழியும். ஆகவே ஒரே குழாயில் இவ்விரண்டையும் கலந்து இடலாகாது. அமெரிக்க தேசிய மின்சார விதித்தொகுப்பு, இருவகைக் கம்பிகளுக்கும் இடையே 50 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இறுகக் கட்டுதலையோ, நிலத்தோடு இணைத்த உலோகத் தடுப்பையோ வேண்டுகின்றது. அடையாளத்திற்கு இளநீல நிறம் வழங்குகிறது. அந்நிறத்தை அங்கே பிற கம்பிகளுக்கு இடலாகாது.

கம்பியின் நீளமும் கருதத் தக்கது. நீண்ட கம்பி தானே மின்சக்தியைச் சேமிக்கும். ஆதலின் கருவி செய்வோர் குறித்த எல்லைக்குள் அது அடங்குகிறதா என்று கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். ஹைட்ரஜன் உள்ள இடத்தில் அவ்வெல்லை மிகக் குறுகும். குழாய் வழியே வாயு பாதுகாப்பான அறைக்குட் புகாதபடி அதன் வாயையும் அடைத்தல் அவசியம்.

நமது மின்சார வேலைக்காரர் காலியாக உள்ள குழாயைக் கண்டால் புதிய விளக்குக் கம்பியை அதிலேயே நுழைக்கும் வழக்கமுடையர். இளநீலக் கம்பி சென்ற குழாய் எவ்வளவு காலியாயிருப்பினும் அதற்கு உரியதன்று.