செல்லப் பூனையில் கை பழகலாமா?

பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டில் வளர்ந்த பூனை இறந்துவிட்டால் புதைக்க மனம் வராது. பாடம் செய்து கூடத்திலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றுகிறது. காணொளியைப் பார்த்துத் தாங்களே செய்துவிடலாம் என்று துணிகிறவர்களும் உண்டு.

சிக்கலே அங்கேதான். டாக்ஸிடெர்மி எனப்படும் இந்தக் கலையில் கைதேர்ந்தவர்களில் பலர் செல்லப் பிராணிகளை ஏற்க மறுத்துவிடுவார்கள். காட்டுப் புலியின் முகத்தில் சிறு பிழை இருந்தால் பார்ப்பவருக்குத் தெரியாது. வளர்த்தவருக்கோ, கண் ஓரம் சற்று மாறினாலும் அது வேறு பூனை!

பொழுதுபோக்காகக் கற்க விரும்புவோர் பண்ணையில் வளர்ந்த புறாவில் தொடங்கலாம். அதன் உடல் கைக்கு அடக்கமாக இருக்கும். வழியில் செத்துக் கிடக்கும் பறவையை எடுக்க வேண்டாம். பறவைக் காய்ச்சல் அபாயம் உண்டு.

பாடம் செய்வது என்றால் முழு உடலையும் கெடாமல் காப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மிஞ்சுவது இறகோடு கூடிய தோல், மண்டையோடு, கால், இறக்கை எலும்புகள், இவ்வளவுதான். உள்ளே இருப்பது செயற்கை உடல்.

நம் நாட்டு வெப்பத்தில் நேரம்தான் முதல் எதிரி. தாமதித்தால் வயிற்றுத் தோல் பச்சையாகும்; இறகு கையோடு வந்துவிடும். அப்படிப்பட்ட பறவையைக் கைவிடுவதே நல்லது. உடனே செய்ய இயலாவிட்டால் பையில் கட்டி உறைபெட்டியில் வைக்க வேண்டும். (வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுவது உத்தமம்.)

கையுறை அணிந்து, நெஞ்செலும்பின் மேல் தோலை மட்டும் கீறி, சட்டையைக் கழற்றுவது போல மெல்ல உரிக்க வேண்டும். மூளை, கண், நாக்கு எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டும். பொறுமையைச் சோதிப்பது அடுத்த வேலை: தோலில் ஒட்டிய கொழுப்பைச் சுரண்டுவது. இதில் சோம்பினால் பின்னாளில் எண்ணெய் கசியும், பூச்சி வரும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் அலசி, முடி உலர்த்தும் கருவியால் இறகை உலர்த்தி, தோலின் உட்புறம் வெண்காரம் தடவுவார்கள். அக்காலத்தில் பயன்படுத்தியது ஆர்செனிக் என்னும் கொடிய நஞ்சு. பழைய பாடப் பொருள்களை வெறுங்கையால் தொடக் கூடாது என்பது இதனால்தான். மரச் சீவலை நூலால் இறுகச் சுற்றி உடல் செய்து, கம்பி கோத்து, கண்ணாடிக் கண் பொருத்தித் தைத்தால், காய்வதற்கு ஓரிரு வாரம் ஆகும்.

இப்பகுதிக்கு இந்தக் கைவேலை புதிதல்ல. ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் 1855-இல் சரவாக்கில் அலி என்ற மலாய் இளைஞரை வேலைக்குச் சேர்த்தார். பறவைகளைச் சுடவும் தோல் உரிக்கவும் கற்ற அலி, போகப் போகத் தோல்களை மிக நேர்த்தியாகப் பதப்படுத்தலானார். வாலஸ் தீவுக் கூட்டத்தில் சேகரித்த பறவைகளில் பெரும்பங்கு அலியின் உழைப்பு என்று இன்று கருதப்படுகிறது. பெயர் கிடைத்ததென்னவோ வாலஸுக்கு!

அலியின் காலத்தில் இல்லாத சட்டம் இப்போது இருக்கிறது. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கின் உடற்பகுதியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அது சாலையில் தானாக அடிபட்டுச் செத்தது என்று சொல்லித் தப்ப முடியாது. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன.

பூனையை அனுபவசாலி ஒருவரிடம்தான் ஒப்படைப்பது என்று முடிவு செய்தவர்கள், அது உயிரோடு இருக்கும்போதே முகத்தை முன்னிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் படம் எடுத்து வைக்கட்டும். காது மடங்கும் விதம், இமை, உட்காரும் தோரணை எல்லாம் அதில் தெரிய வேண்டும்.